முன்னாள் மனைவியின் வருமானம்

“அங்கிள், அப்பா அம்மாவுக்கு மாசா மாசம் குடுக்கறது இன்னா, சம்பளமா?”

கும்மிடிப்பூண்டி சிப்காட் அருகே வருமானவரிக் கணக்குத் தாக்கல் செய்து தரும் என் கடையில், ஒன்பது வயது அஸ்வினி ஒருமுறை இப்படிக் கேட்டாள். மனித உறவுகளை ஐயமின்றி விளக்கும் நூல் உலகில் ஒன்றுதான் உண்டு: வருமானவரிச் சட்டம். ஜீவனாம்சத்தை மொத்தமாகக் கொடுத்தால் அது ‘மூலதனம்’, வரி இல்லை. மாதாமாதம் கொடுத்தால் ‘வருமானம்’, வரி உண்டு. ஆகவே பிரிகிறவர்கள் துக்கத்தைத் தவணையில் வாங்கக் கூடாது.

அஸ்வினியின் அம்மா பிரேமா தவணையில் வாங்கிவிட்டாள். தொழிற்சாலையில் தரச்சோதனை வேலை. சம்பளம் மட்டும் என்றால் வரிவிலக்கு வரம்புக்குள் நின்றிருப்பாள். ஜீவனாம்சம் சேர்ந்ததும் தாண்டிவிட்டாள். வரி இருபதாயிரம்.

“சார், அது இவளுக்கு ஸ்கூல் பீஸ் கட்ட வெச்சிக்கினு இருக்கற துட்டு. அவர் தர்றதுல பாதி இவளுக்குத்தான செலவாவுது?”

“தீர்ப்புல புள்ளைக்குன்னு தனியா பிரிச்சு எழுதலியேம்மா. மொத்தமும் உங்க பேர்ல கீது.”

“நானும் இவளும் ஒரே ஊட்லதான இருக்கறோம், எதுக்குப் பிரிக்கணும்னு வுட்டுட்டேன்.”

தாய்மையின் இத்தகைய அலட்சியத்தைத் துறை மன்னிப்பதில்லை.

மறுநாள் ஷிப்ட் முடிந்து, அவளுடைய முன்னாள் கணவர் பார்த்திபன் வந்தார். தான் கொடுக்கும் ஜீவனாம்சத்தைத் தன் வருமானத்தில் கழிக்க வேண்டுமாம்.

“கழிக்க முடியாது,” என்றேன் பக்தியோடு.

“நான் வரி கட்டின மிச்சத்துலதான சார் குடுக்கறேன்? அதே துட்டுக்கு அவங்களுமா கட்டணும்?”

“ஆமா. முப்பத்தொண்ணாந்தேதிக்குள்ள. பாப்பா பீஸ்லதான் கை வைக்கணும்னாங்க.”

“இன்னா சார் இது, பேஜாரா கீது.” எழுந்தவர் வாசலில் நின்றார். “ஒருத்தர் வரிய இன்னொருத்தர் கட்டலாமா?”

“பான் நம்பர் தெரிஞ்சா போதும்.”

முப்பதாம் தேதி பிரேமா பணக்கவரோடு வந்தாள். கணினியில் பார்த்தேன். அவள் கணக்கில் வரி முழுவதும் ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தது.

“யார் சார் கட்னது?”

“அதுல பேர் வராதும்மா.”

கவரை எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் மூடுவதற்குள் பீஸ் கட்டப் போய்விட்டாள்.

சட்டத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. கணவன் மனைவிக்கு எவ்வளவு கொடுத்தாலும் அவளுக்கு வரி கிடையாது. இருவரும் சேர்ந்து வாழ்ந்த எட்டு வருடமும் சட்டம் இந்த முழு விலக்கைத் திறந்தே வைத்திருந்தது. பார்த்திபன்தான் அதை ஒரு மாதம்கூடப் பயன்படுத்தவில்லை.