கருத்துப் பெட்டி கடித்த கதை

நைட் ஷிப்டை உயிர் உள்ளவரை விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தேன்.

ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எனக்குக் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. பகலில் ஊரே கூப்பிடும். ராத்திரி சர்வர் மட்டும்தான். அது அழாது. அதற்கு ஏசி வேறு. எங்கள் கைக்குழந்தை கனிஷ்காவுக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. தொண்டை மட்டும் முழுசாக முளைத்துவிட்டது. ஆகவே நானே கேட்டு நைட் வாங்கினேன். வீட்டிலோ, "சூப்பர்வைசர் வனமாமலை விடமாட்டேங்கிறாரு" என்று முகத்தைத் தொங்கவிட்டேன்.

"தனியா பயமா இருக்குங்க," என்றாள் லீலா. பிள்ளைப்பாக்கத்தில் காலி மனைகளுக்கு நடுவே ஒற்றை வீடு எங்களுடையது. தெருவிளக்குக்குக் கம்பம் மட்டும் வந்திருந்தது. "நேத்தும் எவனோ கதவைத் தட்டி, 'மாரிராஜ் ரூமா?'ன்னு கேட்டான். குழந்தையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு விடியற வரைக்கும் உக்காந்திருந்தேன்."

"நான் இன்னா பண்றது? ஷிப்ட் போடறது அவரு."

"மாத்தச் சொல்லி எழுதுங்களேன்."

"எழுதியாச்சு, எழுதியாச்சு."

எழுதவில்லை.

தொழிற்சாலையில் ஷிப்ட் போடும் வெப்சைட்டே நான் செய்ததுதான். அதற்கு மேனேஜர் கொடுத்த கேடயம் எங்கள் டிவி மேல் நிற்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக் கம்ப்யூட்டரில் லீலாவுக்கு அதைப் பெருமையாகக் காட்டினேன்.

"பாஸ்வேர்டு இல்லாம ஒரு ஈ உள்ள வராது."

"இந்தப் பெட்டி என்னங்க?"

"குடும்பத்தார் கருத்து. பாஸ்வேர்டு வேணாம், யாரு வேணா எழுதலாம். சூப்பர்வைசர் திறக்கிற பக்கத்துல மேலேயே தெரியும்."

"எழுதினது அப்படியேவா?"

"அப்படியே! ஒரு புள்ளியைக்கூடத் தொடமாட்டேன். அதான் நேர்மை."

கல்யாணத்துக்கு முன் லீலா தண்டலத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்தவள். கணவர்கள் வழக்கமாக மறக்கும் விஷயங்களில் இதுவும் ஒன்று. 'சாம்பார்' என்று அடித்தாள். முன்னும் பின்னும் கோண அடைப்புக்குறிக்குள் ஏதோ ஒற்றை எழுத்து. வெப்சைட் பக்கத்தில் சாம்பார் தடித்த எழுத்தில் வந்தது.

"பாத்தியா? என் சைட்டு தடியாக்கூடக் காட்டுது!"

"காட்டலீங்க, கீழ்ப்படியுது. தடியா போடுன்னேன், போட்டுச்சு. வேற எது சொன்னாலும் செய்யும். அதுவும் யார் திறந்து பாக்கறாங்களோ அவங்க பேருல."

"அட, கருத்துதானே. கடிச்சிடுமா?"

"சரி, ஷிப்ட் மாத்த சூப்பர்வைசர் அமுக்கற ஒப்புதல் பட்டன் எப்படி வேலை செய்யுது?"

ஒன்றுவிடாமல் விளக்கினேன். மனைவி இவ்வளவு ஆர்வமாகக் கேட்டால் எந்தக் கணவன் நிறுத்துவான்?

மறுவாரம் ஒரு காலை. நான் ஷிப்ட் முடித்துக் கிளம்பும்போது வனமாமலை வந்து உட்கார்ந்து தன் பக்கத்தைத் திறந்தார். உச்சியில் புதுக் கருத்து: 'கேன்டீன் சாம்பார் பிரமாதம். இப்படிக்கு ஒரு தாய்.'

"நம்ம சாம்பாரையா? யாருடே அந்தப் புண்ணியவதி?"

அவர் சிரித்து முடிப்பதற்குள் பக்கம் ஒருமுறை சிமிட்டியது. கீழே பட்டியலில்: கோபால், ஜெனரல் ஷிப்ட். ஒப்புதல்: வனமாமலை.

"ஏ கோபாலு, நான் எப்பம்டே ஒப்புதல் குடுத்தேன்? மவுஸத் தொடவே இல்லையே!"

பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் வரிகளைத் திறந்து பார்த்தேன். சாம்பாருக்கு அடியில் கட்டளைகள் ஒளிந்திருந்தன. அவர் திறந்ததும் அவர் பேரிலேயே என் ஷிப்டை மாற்றி ஒப்புதல் பட்டனை அமுக்கிவிட்டன. ஓரம் விட்டு, வரி பிரித்து, கான்வென்ட் பிள்ளை நோட்டு மாதிரி அத்தனை சுத்தம். என் வீட்டில் கான்வென்டில் படித்தது ஒரே ஒரு ஆள்.

"சிஸ்டத்துல கோளாறாடே? மேனேஜர்ட்ட சொல்லிருவமா?"

கண் முன்னால் கேடயம் ஆடியது.

"என் சிஸ்டம் தப்பே பண்ணாது சார். நீங்கதான் குடுத்தீங்க. மறந்துட்டீங்க."

"அப்படியா? அப்பம் நாளையிலேருந்து பகல்ல வந்திரு."

பாய்ந்து வீட்டுக்கு வந்தேன். "யாரைக் கேட்டு இதைச் செஞ்சே?"

"வனமாமலை சார் வீட்டுக்காரம்மா, பூமாரி அக்கா, ரேஷன் கடையில சொன்னாங்க. நைட்டை நீங்களே கெஞ்சி வாங்கினதாமே?"

எனக்குத் திடீரென்று கேடயத்தில் தூசி தெரிந்தது. துடைத்தேன்.

"இன்னிக்கே அந்த ஓட்டையை அடைக்கிறேன் பார்!"

"அவசியம் அடைக்கணும். நான் ஷிப்டோட விட்டேன். வேற எவனாவது வந்தா சம்பளப் பக்கத்துல கை வைப்பான். எப்படி அடைப்பீங்க?"

இன்னும் கொஞ்சம் துடைத்தேன்.

"யாருன்னு பாக்காம நான் கதவைத் திறக்கிறேனா? அதே மாதிரிதாங்க. வர்ற எழுத்துல கோண அடைப்புக்குறி இருந்தா, அதை வெறும் எழுத்தா மாத்திட்டு அப்புறம்தான் பக்கத்துல விடணும். சொல்லித் தரேன். ஆனா பாவம், டீச்சருக்கு ரொம்ப நாளாத் தூக்கம் பாக்கி."

ஓட்டையை அடைத்துவிட்டேன். இப்போதும் எனக்கு நைட் ஷிப்ட்தான். தூளி ஆட்டுகிறேன், சூப்பர்வைசர் குறட்டை விடுகிறாள்.