துரை சொன்ன ‘ஹவெவர்’

என்னை யாராவது பாராட்டினால், பின்னால் ஒரு ‘ஹவெவர்’ வரும் என்று காத்திருப்பேன். வராவிட்டால் அன்று தூக்கம் கிடையாது.

கட்டபெட்டுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் தற்காலிகக் கிளார்க்காக இருந்தேன். வேலை நிரந்தரமானால் பெண் கொடுப்பதாக மேட்டுப்பாளையத்து மளிகைக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். வேலை நிரந்தரமாவதைக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், தொழிலாளர்கள் அத்தனை பேர் முன்னிலையிலும் துரை இங்கிலீஷில் அறிவிப்பார். (வெள்ளைக்காரன் போய், வடக்கத்திக்காரர் மேனேஜராக வந்த பிறகும் துரை துரைதான்.) அதைத் தமிழில் சொல்வது கிளார்க்கின் வேலை. அதாவது, என் பெருமையை நானே முழங்க வேண்டும். மளிகைக்காரரை வரவழைத்து, முன்னால் நாற்காலியும் போட்டேன். புத்தி அப்படி.

நேரம் தவறாதவர் என்றார் துரை. “இவரைப் பார்த்துத்தான் சூரியனே உதிக்கிறது” என்றேன். கணக்கில் பிசகே இல்லை என்றார். “ஓர் இலைகூட இவர் கண்ணுக்குத் தப்பாது” என்றேன். கைதட்டல். மளிகைக்காரர் தலையாட்டினார்.

துரை தொண்டையைக் கனைத்து, “ஹவெவர்” என்றார்.

நெவர்தலெஸ், ஸ்டில், யெட் என்று அந்த இனத்தையே பள்ளியில் மனப்பாடம் செய்தவன் நான். முன்னால் சொன்னதற்கு எதிரானது பின்னால் வரும் என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன். அது என் தலைமேலேயே வரும் என்று எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை.

“இருந்தாலும்...” என்று சொல்லிவிட்டு நின்றேன்.

கொழுந்து பறிக்கும் மாரியக்கா பொறுமை இழந்தாள். “ஏனுங்க, இருந்தாலும்னா? மேல சொல்லுங்க, மலைக்குப் போகோணுமுங்க.”

சொன்னேன். இவர் ஒவ்வொரு மூட்டையையும் மூன்று தடவை எண்ணுவதால் லாரி தாமதமாகிறது, கொழுந்து மூட்டைக்குள்ளேயே சூடேறிக் கெடுகிறது, ஆகையால் இன்னும் ஒரு வருஷம் தற்காலிகம். (இதில் நான் எதையும் சேர்க்கவில்லை.) தினமும் என் எண்ணிக்கை முடியும்வரை மழையில் நின்றவர்கள் அந்தத் தொழிலாளர்கள், இதற்குத்தான் கைதட்டல் பலமாக இருந்தது.

மளிகைக்காரர் எழுந்து வந்தார். “இங்கிலீசு நல்லாத்தான் வருதுங்க தம்பி. இருந்தாலும்...” என்றார். கீழே ரோட்டில் பஸ் ஹார்ன் கேட்டது, போய்விட்டார்.

பிறகு வேலையும் நிரந்தரமானது, அரவேணுவில் வேறு பெண்ணும் அமைந்தது. அவள் காதில் இந்தக் கதையை யார் போட்டார்களோ. ரசம் நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னால்கூட, வீடே சேர்ந்து “ஹவெவர்?” என்று கேட்கும்.

போன மாதம் ஊட்டியில் டாக்டர் என் ரிப்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே, “சுகர் இல்லைங்க, பிரஷர் இல்லைங்க” என்றார்.

“ஹவெவர்?” என்றேன்.

கூட வந்திருந்த மருமகள் சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை.