கோணல் அலகுக் கோழியும் ஊர் தோஷமும்

பென்னாகரம் சாலையில் அந்தக் கோழியைப் பார்க்க வந்த கூட்டத்தில், ஒகேனக்கல் அருவியே ஆளில்லாமல் பாதியில் நின்றுவிட்டதாகக் கேள்வி. வேன், ஆட்டோ, டிராக்டர்! கோழி ஒன்றும் பெரிதாகச் செய்துவிடவில்லை. மேல் அலகு கிழக்கே, கீழ் அலகு மேற்கே என்று கத்தரிக்கோல் மாதிரிப் பிறந்தது. அவ்வளவுதான் அதன் அருள்.

தரையில் கிடப்பதைக் கொத்த முடியாமல் சாகக் கிடந்த அந்தக் குஞ்சை, டம்ளரில் கேழ்வரகுக் கூழ் கரைத்து, அலகை முக்கி முக்கிக் குடிக்க வைத்து ஆளாக்கியவள் சென்னம்மாள்.

அதைக் கேட்டு வாங்கிப் போனான் நவநீதன். நேற்றுவரை பஸ் ஸ்டாண்டில் செல்போன் கவர் விற்றவன், கோழி கைக்கு வந்ததும் அலகானந்த சுவாமிகள் ஆகிவிட்டார்! தட்டில் நீங்கள் கம்புத் தானியம் வைக்க வேண்டும். கோழி கொத்தினால் நல்ல காலம், கொத்தாவிட்டால் தோஷம். ஆச்சரியம் பாருங்கள், மாவட்டத்தில் ஒருவருக்குக்கூட நல்ல காலம் இல்லை! காணிக்கை போட்டால், சாமி அதே கம்பைத் தீர்த்தத்தோடு ஆழமான வெள்ளிக் கிண்ணத்துக்கு மாற்றுவார். கோழி முக்கித் தின்னும். தோஷம் ஓடிவிடும்.

சென்னம்மாளுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் ஊரே "கோழியம்மா" என்று கும்பிட்டு, முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டுக் கொடுத்தால், யாருக்கு வாய் திறக்கும்?

நாற்காலி ஆடியது, மகள் கலைமதியைப் பெண் பார்க்க நல்லம்பள்ளியிலிருந்து வந்தவர்களால்தான். எல்லாம் பேசி முடித்தபின் மாப்பிள்ளையின் தாய் ராஜாமணி இழுத்தாள்: "கோழியையும் ஒரு வார்த்த கேட்டுரலாங்க."

சாமி முன்னால் போய்க் கலைமதி தட்டில் கம்பு வைத்தாள். கோழி குனிந்தது. அலகு தட்டைச் சுரண்டியது. கம்பு அப்படியே கிடந்தது.

"மாங்கல்ய தோஷம்!" என்றார் சாமி.

ராஜாமணி செருப்பைத் தேடினாள். "நாங்க கெளம்பறமுங்க."

சென்னம்மாள் நாற்காலியை விட்டு எழுந்தாள். "செத்த இருங்க. சாமி, நீங்க கம்பு வைங்க பாப்போம்."

"நானா? எனக்கெதுக்கும்மா?"

"ஊருக்கெல்லாம் பாத்தீங்க. உங்களுக்கும் பாத்துருவோம்."

கூட்டமே பார்த்துக்கொண்டிருக்க, வேறு வழியின்றிச் சாமி வைத்தார். கோழி சுரண்டியது. ஒரு மணிகூட உள்ளே போகவில்லை.

"ஐயையோ, சாமிக்கே தோஷம்!" ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சென்னம்மாள் வீட்டுக்கு ஓடிக் கூழ் டம்ளரோடு வந்து, கூட்டத்தில் நின்ற கருப்பண்ணன் கையில் திணித்தாள். அவன் கோழி திருடி மாட்டாத ஊர் அந்தத் தாலுகாவிலேயே கிடையாது.

"வேண்டாங்க்கா, என்னப் பாத்தாலே கோழி பயந்துக்கும்."

"புடிறா!"

கோழி அலகை முக்கியது. மடமடவென்று குடித்துவிட்டு, கருப்பண்ணன் சட்டையிலேயே வாயைத் துடைத்துக்கொண்டது.

"அதுக்கு வாய் கோணலுங்க, தட்டுல கொத்த வராது. அதாங்க தோஷம்!" என்றாள் சென்னம்மாள். "நானும் ஒரு நாற்காலிக்காக இத்தன நாளா கம்முனு இருந்துட்டேன்."

திரும்பிப் பார்த்தால் சாமி இல்லை. காவி வேட்டி மட்டும் வேலியில் கிழிந்து தொங்கியது.

ராஜாமணி அசடு வழிய உட்கார்ந்தாள். "அப்ப, தேதி குறிச்சுரலாங்களா?"

கலைமதி சிரித்தாள். "என்னையக் கேக்காம கோழியக் கேட்டவங்க வூட்டுக்கு வரணுமான்னு நான் யோசிக்கணுங்க, அத்த."

அதற்குள் கருப்பண்ணன் முன்னால் ஒரு வரிசை நின்றுவிட்டது. அவன் கையில் ஏதோ ராசி இருக்கிறதாம்!

கோணல் அலகுக்காவது டம்ளரும் கூழும் போதும். கோணல் புத்திக்கு எதைக் கரைத்து ஊற்றுவது? கொஞ்சம் யோசித்துத்தான் பாருங்களேன். அதற்குக் காணிக்கை கிடையாது.