பால் பொங்கிய திசை

ஏதாவது கோணலாக இருந்தால் எனக்கு மூச்சு முட்டும். இதை நோய் என்பார் என் கணவர் மோகன்; ஒழுங்கு என்பேன் நான். ஒருமுறை துக்க வீட்டில், மாலை போட்டிருந்த பெரியவரின் படம் ஒரு பக்கம் சாய்ந்திருந்ததைப் பொறுக்க முடியாமல், எல்லோரும் அழுதுகொண்டிருக்கும்போதே நாற்காலி போட்டு ஏறி அதை நேராக்கியவள் நான். (இறங்கிய பிறகு, தள்ளி நின்று சரிபார்க்கவும் செய்தேன்.) இப்படிப்பட்டவளிடம் சமையலறையைப் புதுப்பிக்கும் பொறுப்பை யாராவது கொடுப்பார்களா? மோகன் கொடுத்தார்.

ஜொகூர் பாருவில் எங்களுடையது பழைய மாடி வீடு. புதுப்பிக்கும் வேலையை எடுத்த குத்தகைக்காரர் ஆ செங் முதல் நாள் உற்சாகமாகத்தான் வந்தார். நான் கைப்பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்ததும் அவர் முகம் மாறிவிட்டது. சுவர், தரை, அலமாரி என்று ஓர் இடம் விடாமல் அதை வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்தேன். மேடை போட்டு முடித்ததும் அதன்மேல் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து, உருளுகிறதா என்று கண்கொட்டாமல் காவல் நின்றேன். டைல்களுக்கு நடுவே ஓர் இடுக்கு மட்டும் நூலளவு அகலமாகத் தெரிந்தது. பெயர்க்கச் சொன்னேன்.

"மேடம், வீடு பழசு லா. சுவரே கோணல். டைல் என்ன செய்யும்?" என்று மலாயில் கேட்டார் ஆ செங்.

"அப்ப சுவரை நேராக்குங்க."

அவர் வெளியே போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வந்தார்.

கேஸ் சிலிண்டர் பார்க்க அசிங்கம், தீ என்றாலே கரி என்று பழைய அடுப்பைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். வெள்ளை மேடையோடு மேடையாகக் கண்ணாடி இண்டக்ஷன் அடுப்பைப் பதித்தாயிற்று. பால் காய்ச்சும் நாள்வரை அதில் ஒரு முட்டைகூட வேகக்கூடாது என்பது என் சட்டம். அதுவரை மோகன் தெருமுனை மாமாக் சாப்பாட்டுக் கடையின் ரொட்டி சானாயில் காலம் தள்ளினார்.

பால் காய்ச்ச சிகாமட்டிலிருந்து மோகனின் அக்கா பார்வதி அண்ணி வந்தார். ஆற்று வெள்ளம் அவருடைய சமையலறைக்குள்ளேயே வந்து போயிருக்கிறது. தண்ணீர் வடிந்ததும் குழாயைப் பிடித்து அடித்துக் கழுவிவிட்டு, அன்றைக்கே மீன் குழம்பு வைக்கிற ஆள் அவர். எங்கள் குடும்பத்தில் யார் வீட்டில் பால் காய்ச்சினாலும் அவர் கொண்டுவரும் பித்தளைப் பானையில்தான் காய்ச்ச வேண்டும். அன்றைக்கும் புளி போட்டுத் தேய்த்து, மஞ்சள் கொத்து கட்டிக் கொண்டுவந்திருந்தார்.

விருந்தாளிகள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஆ செங்கையும் அழைத்திருந்தேன். வாசலில் ஆளுக்கொரு பக்கம் கழற்றிப் போட்ட செருப்புகளைக் கேட்டை ஒட்டி ஒரே வரிசையில் அடுக்கி வைத்துவிட்டுத்தான் நான் உள்ளே போனேன்.

பால் பொங்கி வழிய வேண்டும் என்பது வழக்கம். என் புது மேடையில் ஒரு சொட்டும் வழியக்கூடாது என்பது என் வேண்டுதல். அதனால் பெரிய பானையில் கொஞ்சமாக ஊற்றினேன். பொங்கும், வழியாது என்பது என் திட்டம். அண்ணி எட்டிப் பார்த்தார்.

"என்ன தேவி, பூனைக்கா காய்ச்சுற?" என்று கேட்டு, வீட்டில் இருந்த பாலையெல்லாம் ஊற்றிவிட்டார்.

நான் சாமி கும்பிட்டு அடுப்பைத் தொட்டேன். பீப், பீப் என்று கத்திவிட்டு அணைந்தது. மறுபடி தொட்டேன். மறுபடி கத்தியது.

"பாத்திரம் இல்லைங்குது" என்றார் மோகன், குனிந்து பார்த்துவிட்டு.

"இம்மாம் பெரிய பானை அது கண்ணுக்குத் தெரியலையா?" என்றார் அண்ணி.

"பித்தளை இதுல ஆகாதுக்கா. காந்தம் ஒட்டுற பாத்திரந்தான் ஆகும். டப்பாமேல எழுதியிருந்துச்சு."

டப்பாவைத் திறக்கும்போது அது கிழியாமல் இருக்கிறதா என்றுதான் நான் பார்த்தேன். எழுத்தைப் படிக்கவில்லை.

பானையை மாற்றலாமா என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. நல்ல நேரமோ முடியப் போகிறது. அண்ணி அசரவில்லை. "என் கார்ல சின்ன கேஸ் அடுப்பு இருக்கு. மழைக்காலம் வந்தா எப்பவும் வெச்சிருப்பேன், வெள்ளம் வந்தா உதவும்ல" என்று சொல்லி எடுத்துவரச் செய்தார். அதை என் வெள்ளை மேடைமேல் வைக்கப் போனபோது, நானே எதிர்பாராமல் இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றுவிட்டேன்.

"அண்ணி, இங்க வேணாம். சூட்டுல கறை புடிச்சிடும்."

யாரோ ஒருவர் இருமினார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனாலும் கையை மட்டும் இறக்கவில்லை.

"சரி லா" என்றார் அண்ணி. "அடுப்படிக்குப் பால் காய்ச்ச வந்தோம். அடுப்படி வேணாங்குது. வெளியே போலாம்."

கார் நிறுத்தும் வாசலில் அடுப்பை வைத்தார்கள். மழைத்தண்ணீர் ஓடுவதற்காக அந்தத் தரை கேட்டுப் பக்கம் சரிந்திருக்கும். பானையும் சாய்ந்து நின்றது. என் கை தானாகக் கைப்பையில் இருந்த ரசமட்டத்தைத் தேடியது. மோகன் அந்தக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

பால் பொங்கியது. சாய்ந்த பானையிலிருந்து கிழக்குப் பக்கமாக, கேட்டை நோக்கி வழிந்தது.

"கிழக்கால பொங்கிடுச்சு" என்று அண்ணி கன்னத்தில் போட்டுக்கொண்டார். எல்லோருக்கும் சந்தோஷம். வீடு முழுக்க ரசமட்டம் வைத்துப் பார்த்த எனக்கு, நல்ல சகுனத்தைக் கொடுத்தது அந்த ஒரே கோணல் தரைதான்.

ஆனால் பால் அங்கே நிற்கவில்லை. சரிவில் ஓடி, நான் அடுக்கிய வரிசையை அடைந்து, முதல் செருப்பிலிருந்து கடைசி சப்பாத்துவரை முறையாக நனைத்துக்கொண்டே போனது. ஒரு ஜோடிகூடத் தப்பவில்லை. ஆ செங் தன் சப்பாத்தைத் தூக்கி, உள்ளே இருந்த பாலை வடித்துவிட்டு, வரிசையை ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"மேடம், ரொம்ப நேர் லா."

அண்ணி அந்த அடுப்பைத் திரும்ப எடுத்துப் போகவில்லை. "உன் அடுப்படி இங்கதான் இருக்கு, வெச்சுக்க" என்று சொல்லிவிட்டார். மீன் பொரிப்பதும் சம்பல் வதக்குவதும் இன்றுவரை வாசலில்தான். உள்ளே இருக்கும் சமையலறை பளபளவென்று இருக்கிறது, வெந்நீர் மட்டும் வைப்போம்.

உறவினர்கள் கேட்டுக்கு வெளியே நின்றே, "தேவி, பால் வெச்சிருக்கியா, செருப்பைக் கழட்டலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். கழற்றுவதையும் வேண்டுமென்றே மூலைக்கொன்றாக வீசுகிறார்கள். போன தீபாவளிக்கும் அப்படித்தான். எல்லோரும் உள்ளே போனதும் மெதுவாகக் குனிந்தேன்.

"தேவி" என்று உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வந்தது.

நிமிர்ந்துவிட்டேன். உள்ளே போகும்போது ஒரே ஒரு ஜோடியை மட்டும் காலால் லேசாகத் தள்ளி நேராக்கிவிட்டுப் போனேன்.