கணக்கு அக்காவின் ஃபைலை மூடிய படலம்

வாழ்க நம் வீரர்! விசைப்பலகை வேந்தர், கடவுச்சொல் காவலர், கேபிள் காட்டில் திசை தப்பாத தீரர், சக ஊழியர்களால் ‘பேக்கப்பார்’ எனப் பட்டம் சூட்டப்பெற்ற அப்பெருந்தகையின் சனிக்கிழமைப் போரைப் பாடப் புகுந்தேன். ஏசிக்குள் உறையும் தெய்வமே, பாடி முடிக்கும் வரை கரண்ட் போகாமல் காப்பாயாக!

களத்தை முதலில் அறிக. கண்ணாடிக் கதவுக்குப் பின்னே, பல் கிட்டும் குளிரில், மூத்தது இளையது என உடன்பிறந்தார் போல் நின்றன இரு சர்வர்கள். அலுவலகத்து ஃபைல்கள் அனைத்தும் குடியிருக்கும் மாபெரும் பொது வட்டை, அதாவது டிஸ்க்கை, மூத்தது சுமக்கும். அது களைத்தால் இளையது தோள் கொடுக்கும். அவ்வட்டை மாதம் ஒரு முறை முழுதாக நகலெடுப்பதே பேக்கப்பாரின் தருமம். மூன்று மணி நேர வேலை. நகலிலிருந்து ஒரு ஃபைலைத் திறந்து மேலாளருக்குக் காட்டாமல் அவர் வாசலைத் தாண்டலாகாது. அன்று ஐந்து மணிக்கோ மகளுக்கு நீச்சல் போட்டி. “இந்த வாட்டியும் வரலைன்னா உங்ககூடப் பேசவே மாட்டேன்ப்பா” என்று காலையில் அவள் சொன்னது முள்ளாய்த் தைத்திருந்தது.

நகல் தொடங்க, திறந்த ஃபைல்கள் யாவற்றையும் மூட வேண்டும். நண்பகலில் வீரர் சிங்கமென எழுந்தார், எழுந்தவர் மீண்டும் அமர்ந்து, அனைவருக்கும் மெயிலில் முழங்கினார்: “மாந்தர்காள்! திறந்தன யாவும் மூடுக!” விற்பனைப் பிரிவு வீழ்ந்தது, வரைபடப் பிரிவு வாலைச் சுருட்டியது, கணக்கு அக்காவின் பெயர் தாங்கிய ஒற்றை ஃபைல் மட்டும் கோட்டையென நின்றது. இரண்டாம் பிரகடனம் பெரிய எழுத்தில் பறந்தது. மூன்றாவது சிவப்பு எழுத்தில், மேலாளருக்கும் ஒரு பிரதியோடு பறந்தது. அக்காவோ மெயில் பார்க்கும் பழக்கமே இல்லாதவர். இரண்டு மேசை தள்ளித்தான் அமர்ந்திருந்தார். ஆயினும் ஒரு வேந்தர் எழுந்து சென்று கேட்பதா?

இனியும் தாமதித்தால் ஐந்து மணி கைநழுவும் என்ற நிலையில் உதித்தது ஒரு சூழ்ச்சி. மூத்ததன் தோளிலிருந்து இளையதன் தோளுக்கு வட்டை மாற்றினால், மாறும் நொடியில் திறந்த ஃபைல்களின் பிடியெல்லாம் அறுந்துபோகும்! அழுத்தினார் பொத்தானை. அக்காவின் ஃபைல் வேரற்ற மரமாய்ச் சாய்ந்தது. “இதென்ன, தானா மூடிக்கிச்சு?” என்ற குரல் வீரரின் செவிக்கு வெற்றி முரசாயிற்று. நகல் தொடங்கியது, மூன்று மணி நேர வேலை மூன்றே நிமிடத்தில் முடிந்து, பச்சை டிக் பூத்தது. சந்தேகம் கோழைகளின் குணமன்றோ? “வென்றேன்! வையகமே, வழிவிடு!” என்று அறை அதிர முழங்கி, ஹெல்மெட்டை மணிமுடியென ஏந்தி மேலாளர் முன் நின்றார்.

“ஒரு ஃபைலைத் திறந்து காட்டிட்டுக் கிளம்புங்க” என்றார் மேலாளர்.

நகலைத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை. நகல் கட்டளையில் அவர் என்றோ எழுதிவைத்திருந்தது மூத்த சர்வரின் பெயர். வட்டையோ சற்றுமுன் அவரே தம் கையால் இளையதிடம் ஒப்படைத்திருந்தார். வட்டு இருந்துவிட்டுப் போன வெற்றிடத்தை, துளியும் சிந்தாமல் நகலெடுத்திருந்தது அந்த உத்தம இயந்திரம்.

பெயரைத் திருத்திவிட்டுப் பார்த்தால், அக்கா அதே ஃபைலை மறுபடியும் திறந்திருந்தார். முடி இழந்த மன்னராய் ஹெல்மெட்டைக் கீழே வைத்த பேக்கப்பார், அந்த இரண்டு மேசைத் தூரத்தை நடந்தே கடந்தார்.

“அக்கா, அந்த ஃபைலைக் கொஞ்சம் மூடுறீங்களா?”

“இவ்வளவுதானா தம்பி? சும்மா பாத்துட்டுதான் இருந்தேன். முதல்லயே கேட்டிருந்தா அப்பவே மூடியிருப்பேனே!”

கேட்டிருக்கலாம். பாவி மனிதர், கேட்டிருக்கலாம்.

மூன்று மணி நேரம், ஒரு நிமிடமும் குறையாமல், வட்டு நகலானது. பொழுது சாயும் வேளையில் மெய்யான பச்சை டிக் பூத்தபோது, திசையெட்டும் அதிர வீரரின் போன் ஒலித்தது, மறுமுனையில் மனைவி.

“அவ உங்ககூடப் பேச மாட்டாளாம், வரும்போது ஒரு பாக்கெட் பால் வாங்கிட்டு வாங்க.”