ஸ்ட்ராபெர்ரி தயிரும் கிழக்குச் சூலமும்

சான் பெட்ரோ, சிலி நாடு
வெள்ளிக்கிழமை மத்தியானம்

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்து மச்சான் சபரி அவர்களுக்கு,

நியூ ஜெர்சி ஐசலின் ஊர் மணியன், அதாவது உங்கள் தங்கை வீட்டுக்காரன், எழுதிக்கொள்வது. நானும் ஷ்யாமளாவும் இங்கே புழுதி நீங்கலாக சௌக்கியம். ஹூஸ்டன் பக்கத்துக் கேட்டி ஊரில் நீங்களும் பிள்ளைகளும் புழுதி இல்லாமலே சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே போனில் பேச்சு பாதியில் அறுந்துபோகிறது, அதனால் எழுதிப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். என் கையெழுத்தைப் பார்த்து, எறும்பு ஏதும் மையில் விழுந்து நடந்துவிட்டதோ என்று நினைக்க வேண்டாம்.

விஷயம் இதுதான் மச்சான். நாளைக் காலை ஒரு ஜீப் இங்கிருந்து கிழக்கே மலையேறி பொலிவியாவுக்குப் போகிறது. அந்தப் பக்கம் கண்ணுக்கு எட்டின மட்டும் உப்பாகவே பரந்து கிடக்கிற ஒரு சமவெளி இருக்கிறதாம். அதைப் பார்க்காமல் வீடு திரும்புவதில்லை என்று உங்கள் தங்கை நிற்கிறாள். எனக்கோ திங்கட்கிழமை ஓட்டலில் தோசைக்கல்லுக்கு முன்னால் நின்றாக வேண்டும். "வரலைன்னா கல்லு அங்கேயேதான் இருக்கும் மணியா, நிக்கிற ஆளுதான் வேற" என்று முதலாளி சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பினார். அவர் சிரித்தால்தான் எனக்குப் பயம். அதோடு இந்த ஊர் உயரத்துக்கே நான் செருப்பு மாட்டக் குனிந்தால் மூச்சு வாங்குகிறது, ஜீப்போ இன்னும் ஒரு மடங்கு மேலே போகுமாம்.

இதில் வந்து மாட்டியது என் வாயால்தான். கல்யாண நாளுக்கு எங்கே வேண்டுமோ சொல்லு என்று பெரிய மனுஷன் மாதிரி கேட்டுவிட்டேன். நயாகரா என்பாள், காரிலேயே போய் வந்துவிடலாம் என்று கணக்கு. "ஊர்லேருந்து யார் வந்தாலும் நயாகரா, அவங்க மாமியார் வந்தாலும் நயாகரா. அந்தப் பிளாஸ்டிக் கோட்டை மாட்டிக்கிட்டு நனைஞ்சு நனைஞ்சு சளி பிடிச்சதுதான் மிச்சம். தண்ணியே இல்லாத ஊருக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். போனில் தேடி இந்தப் பாலைவனத்தைக் காட்டினாள். மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு நடப்பதற்குத்தான் எல்லாரும் இங்கே வருகிறார்களாம். நம் ஊரில் அதற்குக் கூலி கொடுப்பார்கள்.

நீங்கள் அனுப்பிய முதுகுப்பை நல்ல பை. அதில் என் துணிக்குத்தான் இடமில்லை, ஏனென்றால் உள்ளே உங்கள் தங்கையின் பிரஷர் குக்கர். வந்த அன்றே நாங்கள் தங்கியிருக்கிற பயணிகள் ஹாஸ்டல் அடுப்பில் ஏற்றினாள், முதல் விசில் வந்ததும் அடுக்களையில் நின்ற வெள்ளைக்காரப் பிள்ளைகள் எல்லாம் கையில் இருந்த கரண்டியோடு வாசலுக்கு ஓடிவிட்டார்கள். இவள் அசையாமல், "இன்னும் மூணு விசில் இருக்கு, உள்ள வரச் சொல்லுங்க" என்கிறாள். அப்புறம் அந்தப் பிள்ளைகளே தட்டை நீட்டி சாம்பார் சாதம் வாங்கிச் சாப்பிட்டது வேறு விஷயம். நேற்று ஒரு பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு நடந்து திரும்பும்போது, சூரியன் உச்சியில் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அது தெற்கு, நியூ ஜெர்சியில் இத்தனை வருஷம் பார்த்தவன் நான் என்று மார்தட்டி அவளை அழைத்துப் போனேன். இந்த ஊரில் அது வடக்குப் பக்கம் நிற்குமாம், யாருக்குத் தெரியும். ஊருக்கு நேர் எதிராக வெகுதூரம் நடந்து, ஒரு டூர் வேன்காரர் பார்த்துப் பரிதாபப்பட்டு ஏற்றிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் அவள் சிரித்த சிரிப்பில் வேன்காரருக்கும் சிரிப்பு ஒட்டிக்கொண்டது.

சரி, இவளை எப்படி நிறுத்துவது என்று யோசித்தேன். உங்கள் குடும்பத்தின் மருந்தையே எடுத்தேன். "நாளைக்கு சனிக்கிழமை, கிழக்கே சூலம். உங்க அண்ணன் திங்கட்கிழமை ஹூஸ்டனுக்கு ஆபீஸ் போறதே கிழக்கேன்னு ஃப்ரீவே ஏறுறதுக்கு முன்னாடி கார்லயே ஒரு ஸ்பூன் தயிர் சாப்பிடுறவர். இந்தப் பாலைவனத்துல தயிருக்கு எங்க போவ?" என்றேன். எழுந்து கடைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு டப்பா. உள்ளே ரோஸ் கலரில் ஸ்ட்ராபெர்ரி தயிர்.

"இது பரிகாரம் ஆகாதுடி, இது ஐஸ்கிரீமுக்குத் தங்கச்சி."

"பால்ல உறை விட்டதுதானே? கலர் சூலத்துக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சூரியனே இங்க பக்கம் மாறி நிக்குது, சூலம் மட்டும் நம்ம காலண்டர் பார்த்தா நிக்குது? எங்க அண்ணனைக் கேளுங்க. அவர் சரின்னா போவோம், வேணாம்னா வேணாம்."

ஆகவே கேட்கிறேன். கேட்கச் சொன்னது அவள், எப்படிக் கேட்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. மச்சான், உங்கள் காலில் விழாத குறை. பழம் கலந்த தயிர் செல்லாது, சர்க்கரை சேர்ந்தால் தோஷம் இரட்டிப்பு, இப்படி ஏதாவது படித்தவர் பாணியில் ஒரு வரி எழுதுங்கள் போதும். உங்கள் வார்த்தையை அவள் தட்ட மாட்டாள். என் வார்த்தையைத் தட்டித் தட்டிக் கை பழகியவள்.

வீட்டில் எல்லாருக்கும் எங்கள் அன்பு. உங்கள் முழங்கால் வலி இந்த ஊர் ஈரம் போல இல்லாமலே போகட்டும். பிள்ளைகள் தமிழில் பதில் பேசும் பாக்கியம் உங்களுக்குக் கிட்டட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்காக மூச்சைப் பிடித்து வைத்திருக்கும்,
மணியன்

பின்குறிப்பு: படம் பிடிக்கப் போகும் நேரத்தில் ஷ்யாமளா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "வேணாங்க. படி ஏறவே உங்களுக்கு மூச்சு வாங்குது, வேலை வேற இருக்கு. ஊருக்கே போயிடலாம்" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்க ஆரம்பித்தாள். முகத்தில் கோபமே இல்லை மச்சான், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கேட்டது கையில் கிடைத்தும் வேண்டாமென்று எழுந்து வெளியே போனேன். மலை உயரத்தைத் தாங்குவதற்கு மாத்திரை ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டேன், ஜீப்பில் இரண்டு சீட்டும் போட்டுவிட்டேன். "சூலம்?" என்று கேட்டாள். "உங்க அண்ணன் சரின்னுட்டார்" என்று சொல்லிவிட்டேன். அதனால் மேலே எழுதியது எதையும் நீங்கள் படிக்கவில்லை. அவள் போன் பண்ணினால் சரி என்றுதான் சொன்னீர்கள், சந்தோஷமாகவே சொன்னீர்கள். முதலாளியிடமும் நீங்களே ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.