நாற்காலிக் காலில் ஒரு வேலை

"தச்சரை வரச் சொல்லும்மா. சபை நாற்காலிக் கால்ல ஒரு வேலை இருக்கு" என்று சொல்லிக்கொண்டே, ரொட்டியின் கருகிய ஓரத்தைக் கிள்ளித் தட்டில் வைத்தார் அப்பா.

"சரிப்பா" என்றாள் மகள். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டு, மறந்துபோனாள்.

அன்று மதியம் அப்பா உயிரோடு இல்லை. ஏழு சூரியன்களின் உலகங்களை ஆண்ட அரசர் அவர்.

ஒரு மாதம் கழித்து, பத்தொன்பது வயதில், அவள் முதல் சபைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். 'டக்' என்று இடப்பக்கம் சாய்ந்தது. நிமிர்ந்தாள். வலப்பக்கம் 'டக்'.

எழுந்து பார்க்கவும் வழியில்லை. சபை கலையுமுன் ஆள்பவர் எழுந்துவிட்டால் ஆட்சி அடுத்தவருக்கு என்பது சட்டம். அடுத்தவர் சித்தப்பா. தன் பட்டாபிஷேகத்துக்கென்றே தைத்து வைத்திருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருந்தார்.

"என்னம்மா, உட்கார முடியலையா? எழுந்து கொஞ்சம் நடந்துட்டு வாயேன்."

"பரவால்ல சித்தப்பா." டக்.

மடியிலிருந்த தாள் ஒன்றை மடித்து, குனிந்து, காலுக்கடியில் செருகினாள். ஆட்டம் நின்றது. மூன்றாம் சூரியனின் தூதர் துள்ளி எழுந்தார்.

"அது எங்க தண்ணி மனு! நாலு வருஷமா காத்திருக்கோம். மிதிக்கவா குடுத்தோம்?"

பதறிப்போய் உருவினாள். கையோடு கையாகக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். டக். அடுத்த தாளைச் செருகினாள்.

"ஐயோ, எங்க துறைமுகம்!" என்றார் ஐந்தாம் சூரியனின் தூதர்.

அதற்கும் கையெழுத்து. பார்த்தார்கள் மற்ற தூதர்கள். அவரவர் மனுவை அவரவரே மடித்துக்கொண்டு முண்டியடித்து வந்தார்கள்.

"இது கெட்டித் தாளும்மா. அசையாம நிக்கும்!"

"எல்லாரும் போய் உட்காருங்க!" என்று, கையில் மிஞ்சியிருந்த தாள்களை மொத்தமாக மடித்துச் செருகினாள். ஆட்டம் நின்றது.

"அடுத்து, பதவியேற்பு உரை" என்றார் சபை எழுத்தர்.

செருகியது அதைத்தான். குனிந்து இழுத்தாள்; தடிமனாக மடித்ததால் இறுகிப்போய் வரவில்லை. சித்தப்பா காலரைச் சரிசெய்துகொண்டார்.

"எழுதினது ஒண்ணும் ஞாபகம் இல்ல" என்றாள். "அப்பா என்கிட்ட கடைசியா ஒரு வேலை சொன்னாரு. நாளைக்குப் பார்த்துக்கலாம்னு இருந்துட்டேன். இனி யார் என்ன கேட்டாலும், முடியுமா முடியாதான்னு அன்னிக்கே சொல்லிடுவேன். அவ்வளவுதான்."

நாலு வருஷம் காத்திருந்த தூதர் முதலில் கைதட்டினார். பிறகு எல்லாரும். சித்தப்பாவும் தட்டினார், இரண்டே தட்டு.

சபை கலைந்ததும் முதல் காரியமாகத் தச்சரை வரவழைத்தாள். அவர் மண்டியிட்டு, உரையை உருவித் தூசி தட்டி அவளிடம் கொடுத்துவிட்டு, நாற்காலியை ஆட்டிப் பார்த்தார்.

"அப்பாவே சரிபண்ணச் சொல்லியிருந்தாரு. நான்தான் மறந்துட்டேன்" என்றாள்.

"சரிபண்ணவா?" தச்சர் நிமிர்ந்து பார்த்தார். "வருஷா வருஷம் அந்தக் காலை இன்னும் கொஞ்சம் சீவச் சொல்வாரும்மா. ஆடலைன்னா சபையில தூக்கம் வந்துடுதாம்."

அவள் மெல்ல உட்கார்ந்தாள்.

டக்.